நோயும் காதலும் ஊழும்: கீற்ஸ் முதல் கிறீன் வரை

சேக்ஸ்பியர் 1599ஆம் ஆண்டளவில் இயற்றிய ‘யூலியஸ் சீசர்’ நாடகத்தின் முதல் அங்கத்திலே, காசியஸ் என்பான் தன் நண்பன் புறூட்டசைச் சீசருக்கு எதிராகத் தூண்டுகின்றான். நாம் பிறர்க்குக் கீழ்ப்பட்டுக் கிடப்பது விண்மீன்களின் குற்றமன்று, நம்முடைய குற்றமே என்பது அவன் வாதம். மனித முயற்சியின் பெருமையைக் கூறும் பொன்மொழியாக அவ்வாதம் பின்னாளில் எடுத்தாளப்பட்டது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழிந்தபின், அமெரிக்க எழுத்தாளர் யோன் கிறீன் அதனைத் தலைகீழாகத் திருப்பி, 2012 சனவரியில் வெளியான தம் இளையோர் நாவலுக்கு ‘நம் விண்மீன்களின் குற்றம்’ எனப் பொருள்படும் பெயரை இட்டார். பதினாறு வயதிலே புற்றுநோயால் மெலியும் ஒரு பெண் எவ்வகையிலே குற்றவாளி ஆவாள்? அவள் குருதியிலும் எலும்பிலும் நிகழ்வதற்கு அவளோ அவளைச் சூழ்ந்தோரோ என்ன பிழை செய்தனர்? இவ்வினாக்களே அப்பெயரினுள் அடங்கியிருப்பவை.

காசியஸ் கூறியது மெய்யா, கிறீன் கூறியது மெய்யா? இவ்வழக்கு நாவலோடு தோன்றியதன்று. நோயுற்ற இளையோரின் காதல் ஐரோப்பிய இலக்கியத்திலே இருநூறு ஆண்டுகளாகப் பாடப்பட்டு வருகின்றது. அவ்விருநூறு ஆண்டுகளிலும் ‘இது ஊழ்’ என்று எதனைச் சொன்னார்கள், அச்சொல் எவ்வாறு இடம்பெயர்ந்தது என்பதை வரலாற்று முறையிலே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நாவலின் கதையைச் சுருக்கமாக நோக்குவோம். இந்தியானாபொலிஸ் நகரில் வாழும் ஹேசல் என்னும் பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தைரொயிட்டுச் சுரப்பியிலே தோன்றிய புற்றுநோய் நுரையீரல்வரை பரவியிருக்கின்றது. ஒட்சிசன் உருளையை இழுத்துக்கொண்டே அவள் எங்கும் செல்கின்றாள். நோயாளரான இளையோர் கூடும் கூட்டமொன்றிலே, என்புப் புற்றுநோயால் ஒரு காலை இழந்த ஒகஸ்ரஸ் என்னும் பதினேழு வயது இளைஞனைச் சந்திக்கின்றாள். இருவரும் காதலிக்கின்றனர். முடிவு பெறாது நின்றுபோன நாவலொன்றின் ஆசிரியரைக் காண அம்ஸ்ரடாம் நகருக்குச் செல்கின்றனர். நோய் நீங்கியவன் எனக் கருதப்பட்ட ஒகஸ்ரஸ் இறக்கின்றான். இறப்பாள் என எதிர்பார்க்கப்பட்ட ஹேசல் எஞ்சுகின்றாள். காசியஸ் பிழைபட்டான் என்னும் கருத்தும் அவ்வம்ஸ்ரடாம் எழுத்தாளரின் கடிதமொன்றிலேயே வருகின்றது.

ஹேசலின் பேரச்சம் தன் சாவைப் பற்றியதன்று. தான் வெடிக்கும் நாளிலே அருகில் நிற்போரைக் காயப்படுத்தும் கைக்குண்டு தான் என்பதே அவளுடைய அச்சம். ஆதலால் காதலை ஏற்கத் தயங்குகின்றாள். தன் துன்பம் பிறர் துன்பமாகக் கூடாதென்னும் இவ்வெண்ணம் புதிதன்று. இதனை விளங்கிக்கொள்ள நாம் 1820ஆம் ஆண்டு இலண்டனுக்குச் செல்லவேண்டும்.

கவிஞன் கண்ட குருதி

யோன் கீற்ஸ் கவிஞராகப் புகழ்பெற்றவர். வைத்தியத் தொழில் பயின்றவர் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 1815இல் இலண்டன் கைஸ் வைத்தியசாலையிலே மாணவராகச் சேர்ந்து, 1816இல் தொழில் நடாத்துதற்குரிய அனுமதியும் பெற்றார். அவருடைய தாயார் 1810இல் கயரோகத்தால் இறந்தார். தம்பி தொம் என்பாரும் அந்நோய்க்கே இரையாகி 1818 டிசெம்பர் முதலாந் திகதி மறைந்தார். காற்றோட்டமற்ற அறைகளிலே பல மாதங்கள் தம்பியின் பக்கத்திலிருந்து பணிவிடை செய்தவர் கீற்ஸே. 1820 பெப்ரவரி 3ஆம் நாள் இரவு அவர் இருமியபோது படுக்கைத் துணியிலே குருதி வீழ்ந்தது. விளக்கைக் கொண்டுவரச் செய்து அதன் நிறத்தை நோக்கினார். அது நாடிக் குருதி என்பதையும், அது தமக்கு விதிக்கப்பட்ட மரண ஓலை என்பதையும் வைத்தியர் என்ற முறையிலே உடனே உணர்ந்துகொண்டார்.

அப்பொழுது அவர் பானி புறோண் என்னும் நங்கைக்கு மணம் பேசப்பட்டவராயிருந்தார். குளிர்காலத்தை இத்தாலியிலே கழிக்குமாறு வைத்தியர் கூறினர். 1820 செப்ரெம்பரில் ஓவியர் யோசேப் செவேணோடு கப்பலேறினார். நாப்பொலித் துறைமுகத்திலே பத்து நாட்கள் தொற்றுத் தடுப்பின் பொருட்டுக் கப்பல் மறிக்கப்பட்டது. தம் இருபத்தைந்தாவது பிறந்தநாளாகிய ஒக்ரோபர் 31ஆம் திகதியே அவர் கரையில் இறங்கினார். உரோம் நகரிலே அவருக்கு வைத்தியஞ் செய்த யேம்ஸ் கிளாக், நோய் பெரும்பாலும் இரைப்பையிலே உள்ளதென முதலில் எண்ணினார். குருதியை வெளியேற்றினார், உணவை மிகக் குறைத்தார். 1821 பெப்ரவரி 23ஆம் திகதி கீற்ஸ் காலமானார். உடலை அறுத்துச் சோதித்தபோது நுரையீரல்கள் முற்றாக அழிந்திருந்தன. பானியிடமிருந்து வந்த கடிதங்களைத் திறந்து பார்க்கும் மனவலிமை அவருக்கு இருக்கவில்லை. அவை உறை பிரிக்கப்படாமலே அவரோடு புதைக்கப்பட்டன.

இச்சாவுக்கு அக்காலத்தவர் கற்பித்த காரணங்கள் கவனிக்கத்தக்கன. ‘குவாட்டர்லி றிவியூ’ என்னும் ஏட்டிலே 1818இல் வெளிவந்த கடுமையான கண்டனமே கவிஞரைக் கொன்றதென ஷெலி கருதி, ‘அடொனெய்ஸ்’ என்னும் இரங்கற்பா இயற்றினார். கட்டுரை ஒன்றினால் ஓர் உயிர் அணைந்துவிடுமோ எனப் பைரன் எள்ளினார். பானியின்பாற் கொண்ட தீராக் காதலே உடலை எரித்ததென வேறு சிலர் கூறினர். கற்பனையும் காதலும் மிக்க நுண்ணிய உள்ளத்தார்க்கே இந்நோய் வருமென்பது அக்கால வடவைரோப்பியரின் பொது நம்பிக்கை. வைத்தியரும் அது பரம்பரையாக உடலமைப்பில் வருவதென்றே எண்ணினர்.

தென்னைரோப்பியரோ இதற்கு மாறாக எண்ணினர். கயரோகம் தொற்றும் என இத்தாலியரும் ஸ்பானியரும் அஞ்சினர். உரோம் நகரச் சட்டப்படி கீற்ஸ் தங்கிய அறையின் பொருள்கள் தீயிடப்பட்டன. ஆங்கிலேயர் அதனை அறியாமையெனவும் கொடுமையெனவும் கண்டனர். உண்மை எப்பக்கம் இருந்தது என்பதை இன்று நாம் அறிவோம். தம்பியின் படுக்கையருகே கழித்த மாதங்களிலேயே கீற்சுக்கு நோய் தொற்றியிருத்தல் கூடும். கவிதையோ காதலோ அவரைக் கொல்லவில்லை. சகோதர பாசத்தோடு அவர் செய்த பணிவிடையே அவருக்கு எமனாயிற்று எனலாம். அதனை எவரும் அறியாதிருந்தமையால், அறியாமைக்கு ‘ஊழ்’ என்ற பெயர் கிடைத்தது. அதற்கு அழகும் சூட்டப்பட்டது.

அழகாக்கப்பட்ட சாவு

அவ்வழகு பிரான்சிலே உச்சநிலை எய்தியது. 1824இல் நோர்மண்டியிலே வறிய குடியிற் பிறந்த அல்போன்சீன் பிளெசி, பாரிசு நகரிலே மறி டுப்பிளெசி என்னும் பெயருடன் செல்வரின் ஆசைநாயகியாக வாழ்ந்து, 1847 பெப்ரவரி 3ஆம் நாள் இருபத்துமூன்று வயதிலே கயரோகத்தால் மாண்டாள். அவளைக் காதலித்துப் பிரிந்த இளைய டூமா மறு ஆண்டே ‘காமேலியா மலர்ச் சீமாட்டி’ என்ற நாவலை வெளியிட்டார். அது 1852இல் நாடகமாயிற்று. 1853இல் வேர்டி என்னும் இத்தாலியர் அதனை ‘லா திரவியாற்றா’ என்னும் இசைநாடகமாக்கி வெனிசு நகரிலே அரங்கேற்றினார்.

கதையின் நாயகி காதலனின் குடும்ப மானத்தைக் காக்கும்பொருட்டு அவனைத் துறக்கின்றாள். அதன்பின் நோய் அவளைத் தின்கின்றது. பார்ப்போர் கண்ணீர் சிந்தினர். ஆயினும் அக்கண்ணீரினூடே ஒரு தீர்ப்பும் மறைந்துள்ளது. நெறி தவறிய பெண் நோயினாலே தூய்மையடைகின்றாள் என்பதே அத்தீர்ப்பு. நோய் இங்கே தண்டனையாகவும் மன்னிப்பாகவும் கொள்ளப்பட்டது. வறுமையால் நகருக்குத் துரத்தப்பட்ட சிறுமியின் வரலாறு பின்னணிக்குச் சென்றுவிட்டது. ஊழைப் பழிப்பதும் நோயாளியைப் பழிப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும், இரண்டும் ஒரே மேடையிலே கைகோத்து நிற்கக் காண்கிறோம்.

கிருமியும் மலையும்

அம்மேடையின் திரையை முதலில் அசைத்தவர் பிரெஞ்சு இராணுவ வைத்தியர் வில்மென். கயரோகியின் உடலிலிருந்து எடுத்த பொருளை முயல்களுக்கு ஏற்றி, நோய் தொற்றுவதை 1865இல் அவர் மெய்ப்பித்தார். அவர் கூற்றுக்கு அன்று போதிய மதிப்புக் கிடைக்கவில்லை. 1882 மார்ச் 24ஆம் திகதி பேர்லின் உடற்றொழிலியற் கழகத்திலே றொபேட் கொக் கிருமியையே காட்டினார். அக்காலத்திலே இறப்போரில் ஏழில் ஒருவர் இந்நோயால் இறந்தனர் என்பது அவர் தந்த கணக்கு.

கிருமி வெளிப்பட்டதும் நோயின் அழகு மங்கியது. கவிஞரின் நோய் சேரிகளின் நோயாயிற்று. இரக்கத்தின் இடத்தை அச்சம் பிடித்தது. செல்வர் மலைச் சிகரங்களிலுள்ள கயரோக நிலையங்களுக்குச் சென்றனர். 1912இல் தோமஸ் மான் என்னும் ஜேர்மன் நாவலாசிரியரின் மனைவி, சுவிற்சலாந்திலுள்ள டாவோஸ் நகரின் நிலையமொன்றிலே தங்கியிருந்தார். அவரைக் காணச் சென்ற மான் பெற்ற அநுபவமே 1924இல் ‘மாய மலை’ என்னும் பெருநாவலாக மலர்ந்தது. மூன்று வாரம் தங்கச் சென்ற இளைஞன் ஏழாண்டு தங்கிவிடுகின்றான். காதலியின் நினைவாக அவன் போற்றி வைத்திருப்பது அவள் முகத்தைக் காட்டும் படமன்று. அவளுடைய மார்பின் எக்ஸ் கதிர்ப் படமாகும். கிருமி அறியப்பட்டும் மருந்து அறியப்படாத காலத்தின் முழுச் சித்திரமும் அந்த ஒரு பொருளிலே அடங்கிவிடுகின்றது. உள்ளே நிகழ்வதைக் காணலாம், தடுக்க இயலாது. ஊழ் தன் முகத்தைக் காட்டியது, ஆயினும் பின்வாங்கவில்லை.

அது பின்வாங்கிய நாளும் வந்தது. 1943இல் அமெரிக்காவின் றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்திலே, செல்மன் வக்ஸ்மனின் ஆய்வுகூடத்தில் அல்பேட் சாற்ஸ் என்னும் இளம் மாணவர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ரெப்ரோமைசின் மருந்தைப் பிரித்தெடுத்தார். 1952இல் ஐசோநியாசிட் வழக்கிற்கு வந்தது. மருந்துகளை ஒன்றுசேர்த்து நெடுங்காலம் கொடுத்தால் நோய் அறவே நீங்குமென்பது தெளிவாயிற்று.

எனினும் ஓர் ஐயம் எஞ்சியது. மலைக்காற்றும் ஊட்டமும் ஓய்வும் இல்லாத ஏழைக்கு இம்மருந்து பயன்படுமா? இவ்வினாவுக்கு விடை தந்தது சென்னை மாநகரம். 1956இல் அங்கு நிறுவப்பட்ட கயரோக மருந்துச் சிகிச்சை நிலையம், நோயாளரை இரு பகுதியாகப் பிரித்தது. ஒரு பகுதியார் வைத்திய நிலையத்திலே நல்லுணவோடும் ஓய்வோடும் தங்கினர். மறு பகுதியார் நெருக்கமான தம் வீடுகளிலேயே இருந்துகொண்டு அதே மருந்தை உட்கொண்டனர். 1959இல் வெளிவந்த முடிவு உலகையே வியக்கச் செய்தது. வீட்டிலிருந்தோர் பெற்ற பயன் நிலையத்திலிருந்தோர் பெற்ற பயனுக்கு ஏறக்குறைய நிகராயிருந்தது. டாவோசின் மாய மலை சென்னையின் எளிய குடில்களின் முன்னே தன் மாயத்தை இழந்தது. நோய் தீர வேண்டப்பட்டது மருந்து. அம்மருந்து ஒருவரையும் தவறவிடாது சென்றடைய வேண்டும் என்பதே உலகிற்குக் கிடைத்த பாடம்.

புதிய நோய், பழைய கதை

கயரோகத்துக்கு மருந்து கண்டதும் காதற்கதைகள் வேறு நோயைத் தேடின. 1970இல் எரிக் சீகல் எழுதிய ‘காதற் கதை’ நாவலில் நாயகி இரத்தப் புற்றுநோயால் இறக்கின்றாள். அவளும் டூமாவின் நாயகியைப் போன்றே அழகு குன்றாமல் இறக்கின்றாள். நோயை உருவகமாக்குதல் நோயாளிக்கு இழைக்கும் தீங்கு என்று சூசன் சொன்ராக் 1978இல் எழுதினார். அவரும் புற்றுநோயின் கொடுமையை அநுபவித்தவர். முன்னர்க் கயரோகத்தின்மேல் ஏற்றப்பட்ட பொய்கள் இப்பொழுது புற்றுநோயின்மேல் ஏற்றப்படுகின்றன என்பதே அவர் முறையீடு.

கிறீனின் நாவலை இப்பின்னணியில் வைத்து நோக்கினாற்றான் அதன் பெறுமதி விளங்கும். அவர் சிலகாலம் சிறுவர் வைத்தியசாலையொன்றிலே சமயப் பணியாளராகத் தொண்டாற்றியவர். பதினாறு வயதிலே 2010இல் புற்றுநோயால் மறைந்த எஸ்தர் ஏர்ள் என்னும் வாசகிக்கு அந்நாவலை உரிமையாக்கினார். புற்றுநோய்க் கதைகளின் வழக்கமான வீரப் புனைவுகளை ஹேசல் எள்ளி நகையாடுகின்றாள். உருவகங்களை விரும்பும் ஒகஸ்ரஸ், பற்றவைக்காத சிகரெட்டை வாயில் வைத்துச் சாவுக்கு அறைகூவல் விடுப்பவன். ஆனால் அவன் முடிவோ அழகற்றது. எரிபொருள் நிலையத்திலே, வாந்தியும் சீழும் படிந்த நிலையில், நள்ளிரவிலே உதவி கோரி அழைக்கின்றான். இந்த ஓர் அத்தியாயத்தால் கிறீன் இருநூறாண்டுப் பொய்யைக் கலைத்துவிடுகின்றார். நோய் எவரையும் உயர்த்துவதில்லை. நோயிலும் ஒருவரை ஒருவர் விடாது பற்றியிருத்தலே காதல் என்பது அவர் கூறும் உண்மை.

ஆயினும் ஒரு சிறு செய்தியை வாசகர் எளிதிற் கடந்துவிடுவர். ஹேசலை உயிரோடு வைத்திருக்கும் மருந்து ஆசிரியரின் கற்பனை. அப்படியொரு மருந்து உலகில் இல்லை என்பதை அவரே ஒப்புக்கொள்கின்றார். ஒகஸ்ரசின் நோய் அத்தகையதன்று. என்புப் புற்றுநோய் கண்டவருக்குக் காலை வெட்டியகற்றுவதொன்றே வழியாயிருந்த காலத்திலே, ஐவரில் நால்வர் இறந்தனர். 1970களின் பின் மருந்துச் சிகிச்சையும் சேர்ந்தமையால், பரவுமுன் கண்டறியப்பட்டோரில் ஏறத்தாழ மூவரில் இருவர் பிழைக்கின்றனர். ஆகவே விண்மீன்களின் ஆட்சி நிலையானதன்று. ஒரு தலைமுறைக்கு ஊழாயிருந்தது மறு தலைமுறைக்கு ஆய்வுகூடப் பணியாகின்றது.

ஆசிரியரே தந்த மறுமொழி

இவ்வழக்கிலே மிகவும் சிந்திக்கத்தக்க சாட்சியம் கிறீனிடமிருந்தே வருகின்றது. 2019இல் மேற்கு ஆபிரிக்காவின் சியரா லியோன் நாட்டுக்குச் சென்ற அவர், லக்கா அரசினர் வைத்தியசாலையிலே ஹென்றி என்னும் நோயாளியைக் கண்டார். தம் ஒன்பது வயது மகனையொத்த சிறுவன் என்றே அவனை எண்ணினார். அவனுக்கு வயது பதினேழு. ஊட்டக் குறைவும் மருந்துக்கு அடங்காத கயரோகமும் அவனை அவ்வாறு குறுக்கிவிட்டிருந்தன. ஒகஸ்ரசின் வயது, கீற்சின் நோய். அவன் எளிதிற் கிடைக்காத புதிய மருந்துகளைப் பெற்றுப் பிழைத்தான். அச்சந்திப்பின் பயனாகக் கயரோகத்தின் வரலாற்றை ஆராய்ந்த கிறீன், 2025இல் ‘எல்லாம் கயரோகமே’ எனப் பொருள்படும் நூலை வெளியிட்டார். தீர்க்கக்கூடிய நோய் இன்றும் கொல்வதற்கு மனிதர் எடுத்த முடிவுகளே காரணம் என்பது அந்நூலின் மையக் கருத்து.

2012இல் விண்மீன்களைக் குற்றஞ்சாட்டியவர் 2025இல் மனிதரைக் குற்றஞ்சாட்டுகின்றார். இது முரண்பாடா? அன்று என்க. நோய் வேறு, காலம் வேறு. கீற்சின் காலத்திலே கயரோகத்துக்கு மருந்தில்லை. அன்று அது ஊழ் எனப்பட்டதிலே ஓரளவு நேர்மை இருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் மட்டும் 12½ இலட்சம் மக்கள் கயரோகத்தால் இறந்தனர். மருந்து கண்டு எண்பதாண்டு ஆனபின்னர் நிகழ்ந்த இச்சாவுகளை ஊழ் என்பது நேர்மையாகாது. சிறுவரின் புற்றுநோயும் அவ்வாறே. செல்வ நாடுகளில் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேல் குணமடைகின்றனர். வறிய நாடுகள் பலவற்றில் முப்பதின்மர்கூடக் குணமடைவதில்லை. விண்மீன்கள் நாடு பார்த்து ஒளிர்வதில்லை.

எனவே, இருவகைப் பிழைகளை வரலாறு நமக்கு உணர்த்துகின்றது. உண்மையிலேயே ஊழாயுள்ளதை நோயாளியின் குற்றமாக்குதல் ஒன்று. கீற்சின் காதலையும் டூமாவின் நாயகியையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது அதுவே. மனிதர் நீக்கவல்ல குறையை ஊழென்று கூறி வாளாவிருத்தல் மற்றொன்று. முன்னையது இரக்கமின்மை, பின்னையது பொறுப்பின்மை. காசியசின் வாக்கு நோயாளியை நோக்கிச் சொல்லப்படுமாயின் கொடிது. நோயாளியைச் சூழ்ந்திருக்கும் உலகை நோக்கிச் சொல்லப்படுமாயின் அதுவே அறம். வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டையும் ஒரே நூலில் வைத்த பெருந்தகையின் உள்ளக்கிடக்கையும் இதுவாகலாம்.

மாணவர் ஒருவர் இந்நாவலைப் படித்துக் கண்ணீர் சிந்துவாராயின் அது தகும். கண்ணீரைத் துடைத்தபின் ஒரு வினாவையும் அவர் எழுப்பவேண்டும். இச்சாவைத் தடுக்க வழி இருந்ததா? இருந்ததாயின் அவ்வழியை அடைத்தவர் யார்? வழி இல்லையாயின் அதனைத் தேடும் பணியில் நமக்குரிய பங்கு யாது? திறக்கப்படாத கடிதங்களோடு உரோம் நகரின் மண்ணில் உறங்கும் அவ்விளங்கவிஞரும் வைத்தியம் பயின்ற மாணவரே. அவர் விளக்கைக் கொண்டுவரச் செய்தது குருதியின் நிறத்தை அறிவதற்காக. அன்று அவ்விளக்கின் ஒளியிலே அறிவு மட்டுமே கிட்டியது, மருந்து கிட்டவில்லை. நமக்கு இரண்டும் கிட்டியுள்ளன. அவற்றை எல்லார்க்கும் உரியவாக்குதலே எஞ்சியுள்ள கடன்.